கோப்பை முட்டும்போது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. மறைத்துப் பயனில்லை. போன டிசம்பரில் மெக்டில்டுக்குப் போன் போட்டு, லுட்கர் வரமாட்டான் என்றேன். லுட்கருக்குப் போன் போட்டு, மெக்டில்ட் வரமாட்டாள் என்றேன். முப்பது வருஷமாகக் கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சேர்ந்தே போகிற சிநேகிதர்கள் நாங்கள் நாலு பேர். நாலாமவன் அர்னோ, மெக்டில்டின் கணவன். அதே வருஷம் பிப்ரவரியில் இறந்துபோனான்.

அடக்கத்துக்கு லுட்கர் வரவில்லை. அன்றிலிருந்து மெக்டில்ட் அவனோடு பேசுவதில்லை.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: கொலோன் நகரப் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அடியில், பந்தல் போட்டதுபோல் ஆயிரமாயிரம் விளக்குகள் —

அடித்துவிட்டேன். இந்த ஊர்க்காரி எவளும் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. உருளைக்கிழங்கு அடைக்கு வரிசை எவ்வளவு நீளம் என்றுதான் பார்ப்பாள்.

2

அந்த அடை வரிசையில்தான் இருவரும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள்.

"இது உன் வேலதானே?" என்றாள் மெக்டில்ட் என்னிடம்.

"ஆமா."

அவள் திரும்பிப் போயிருப்பாள். ஆனால் இருபது நிமிஷம் நின்றாயிற்று. வரிசையில் பிடித்த இடத்தை விட்டுக்கொடுப்பது எங்கள் ஜனங்களால் ஆகாத காரியம். லுட்கர் அடைக்குத் தொட்டுக்கொள்ள அவளுக்கும் சேர்த்து ஆப்பிள் கூழ் வாங்கி வைத்தான். அவள் தொடவில்லை. [இல்லை, தொட்டாள். எந்தக் கோபத்திலும் அவளுக்கு ஆப்பிள் கூழ் இறங்கும்.]

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த லுட்கரை நீங்கள் வெறுத்துவிடுவீர்களோ? அவனை இன்னும் கொஞ்சம் நல்லவனாக எழுதலாம். அதைவிட உண்மையைச் சொல்லிவிடலாம்.*

* அடக்கத்தன்று நான் தாமதமாகப் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் லுட்கரின் கார் நின்றது. கறுப்புக் கோட்டும் டையுமாக உள்ளே உட்கார்ந்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. இறங்கக் கால் வரவில்லை. "அவகிட்ட சொல்லிடாத" என்றான். சத்தியம் செய்து கொடுத்தேன். அதைக் காப்பாற்றியது நட்பா கோழைத்தனமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. (மெக்டில்ட் நான் எழுதுவதைப் படிப்பதில்லை. தூக்கம் வருகிறதாம்.)

3

சுடு ஒயின் வாங்கப் போனவள், பழக்கதோஷத்தில் நாலு என்று சொல்லிவிட்டேன். நாலாவது கோப்பை மேசை நடுவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எங்கள் ஊர் வழக்கப்படி, கோப்பை முட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் ஏழு வருஷம் படுக்கையில் சுகமிருக்காதாம். அறுபத்துமூன்று வயதில் அந்தப் பயமெல்லாம் எங்களுக்கு இல்லை. ஆனால் அர்னோ விடமாட்டான். போலீஸ்காரன் மாதிரி காவலிருப்பான். யார் பார்வையாவது அப்படி இப்படிப் போனால், "கண்ணப் பாக்கல. திரும்ப" என்பான். சில வருஷம் ஒரு வாய் குடிப்பதற்குள் நாலு தடவை முட்டியிருக்கிறோம்.

4

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நான் காரைப் பற்றி உளறிவிடுகிறேன், மெக்டில்ட் அழுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு — வேண்டாம். இது என்னை நல்லவளாக்குவதற்கு எழுதிய முடிவு.

இரண்டு: மெக்டில்ட் கோப்பையைத் தொடாமல் ரயில் நிலையத்தைப் பார்த்து நட — கை வரவில்லை. இந்த இரண்டு பேரை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். லுட்கர் முதலில் அர்னோவின் கோப்பையை முட்டினான். பிறகு என்னுடையதை. கடைசியில், குனிந்த தலை நிமிராமல், ஒயினையே பார்த்துக்கொண்டு மெக்டில்டின் கோப்பையை லேசாகத் தொட்டான்.

பத்து மாசத்தில் முதல் தடவையாக அவள் அவனிடம் பேசினாள்.

"கண்ணப் பாக்கல. திரும்ப."

அவன் கோப்பையை மறுபடியும் தூக்குகிறான். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. சத்தியம் செய்தவள் நான், நீங்கள் இல்லை. கார் விஷயம் உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து பார்க்கும்போது வாயில் என்ன சொல் இருக்க வேண்டுமோ, அதை நீங்களே கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நாலு கோப்பையும் ஆறிக்கொண்டிருக்கிறது.