தூங்குமூஞ்சியின் முகவரி

எங்கள் அச்சகத்தில் கணினிக்குள் நுழைய ஆளாளுக்கு ஒரு பட்டப்பெயர். சொந்தப் பெயர் என்றால் பக்கத்து மேசைக்காரர் ஊகித்துவிடுவாராம். எனக்கு முன்னால் சர்வரைக் கவனித்த மகானுபாவரின் ஏற்பாடு. அரைக்கண்ணால் படிக்கும் பிழைதிருத்துநர் அண்ணனுக்கு வாய்த்தது தூங்குமூஞ்சி. வெளியே போகும் மெயிலில் சொந்தப் பெயர்தான் இருக்கும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை வெப்மெயிலைப் புது சர்வருக்கு மாற்றினேன். திங்கட்கிழமை மதியம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, எனக்கு மட்டும் பதில் மெயிலே வரலையே?"

"ஒருநாள் நிம்மதியா இருங்களேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து ஆள்மாற்றி ஆள் வந்து என் பிராணனை வாங்கியிருந்தார்கள்.

அவர் நகரவில்லை. அவருடைய இரண்டு வயது மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அறுவை சிகிச்சைக்கு ஓர் இடம் காலியாகியிருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் சொல்லியிருக்கிறார்கள். இவர் சம்மதத்தை மெயிலில் அனுப்பிவிட்டார். அவர்கள் போடும் பதிலுக்கு மாலைக்குள் உறுதி சொல்லாவிட்டால் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும்.

"போன் பண்ணா பிஸின்னே வருதும்மா."

அவர் அனுப்பிய மெயிலைத் திறந்தேன். அனுப்புநர் முகவரியில் தூங்குமூஞ்சி என்றிருந்தது. நாம் எதுவும் சொல்லி வைக்காவிட்டால் புது வெப்மெயில் நுழைவுப் பெயரையே அனுப்புநராக ஒட்டிவிடுமாம். அந்தப் பெயரில் எங்களிடம் மெயில் பெட்டியே கிடையாது. ஆஸ்பத்திரியின் பதில் இரண்டு முறை வந்து திரும்பிப் போயிருந்தது.

"உக்காருங்கண்ணே, நின்னா எனக்குக் கை ஓடாது."

அவருடைய நுழைவுப் பெயருக்கு நேராக உண்மையான முகவரியை அனுப்புநராகப் போட்டேன். மறுபடி அனுப்பினார். மற்றவர்களுக்கும் மாற்றிக்கொண்டே போனேன். மேனேஜர் காலையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சிடுமூஞ்சி என்ற பெயரில் எழுதித் தள்ளியிருந்தார். அந்தப் பஞ்சாயத்து அப்புறம்.

கடைசி ஆளை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இடம் இன்னும் இருக்கிறது, வியாழக்கிழமை குழந்தையைச் சேர்க்கவும். அண்ணன் உறுதி சொல்லி அனுப்பினார். அப்பாடா என்று நான்தான் முதலில் மூச்சு விட்டேன்.

அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிருச்சு" என்றார். மறுமுனையில் மனைவி ஏதோ கேட்டார். "ஆமா. இனிமே நான் கூப்பிட்டா திரும்பிப் பாப்பா" என்றார்.