ஐந்து மணித் தோல்

1926ஆம் வருடம் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு, ஆம்பூரில் தானியேல் கண் விழித்தபோது அவன் மேல் ஓர் அழுகிய மாட்டுத்தோல் கிடந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை, மயிர்ப்பக்கம் அவனைப் பார்த்தபடி, ஈரமாக ஒட்டிக் கிடந்தது. கண் திறந்தது, கை அசையவில்லை. அக்காவைக் கூப்பிட நினைத்தான், நாக்கு எழவில்லை. தோலின் ஓரத்திலிருந்து மஞ்சள் கொழுப்பு வடிந்து காதுக்குள் இறங்கியது. வாய் ஓரத்தில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தன, அவற்றைத் துப்பக்கூட முடியவில்லை. மாடத்தில் இருந்த கடிகாரத்தில் மூன்று நிமிடம் நகர்ந்த பிறகு, தோல் சாதாரணத் தோலாகிச் சரிந்து விழுந்தது. தானியேல் எழுந்து வாந்தியெடுத்தான். பிறகு நோட்டை எடுத்து, "ஐந்து மணி. மூன்று நிமிடம். கனவாகவும் இருக்கலாம்" என்று எழுதினான். எழுதிய விரலிலேயே கொழுப்பு இருந்ததால் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டான்.

செம்பழுப்புத் தோல், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வாலடியில் இரண்டு வெட்டு. அந்த இரண்டு வெட்டு வாஹித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பின் அடையாளம். தானியேல் அங்கேதான் பகலில் வேலை பார்த்தான், மாலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தான். தோலைச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய்ப் பாலாற்று மணலில் புதைத்தான். மறுநாள் ஐந்து மணிக்கு அதே தோல் வந்தது, நான்கு நிமிடம் கிடந்தது. அதற்கு மறுநாள் ஐந்து நிமிடம். புதைக்கப் புதைக்க அழுகல் கூடியது. பத்தாம் நாள் மயிர் கற்றையாகக் கழன்று அவன் மார்பில் தங்கியது. இருபதாம் நாள் புழு வைத்தது. அக்கா அன்னம்மாளும் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். கையோடு வழவழப்புதான் வந்தது, தோல் வரவில்லை. பாதிரியார் ஜெபித்தார், பள்ளிவாசல் பெரியவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார், சாமியாடும் முனியம்மா வேப்பிலை அடித்தாள். மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டே செய்தார்கள்.

"டேய், நீ இன்னா செஞ்ச, அத சொல்லிடு. அது உன்னத் தேடித்தான் வருது. எம்மேல வுழல பாரு," என்றாள் அன்னம்மாள்.

அவன் செய்தது ஒரு குச்சியைச் செருகாமல் விட்டதுதான். அந்த ஷாப் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மூடும். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் கோயிலுக்குப் போய்விட, மற்றவர்கள் மேஸ்திரி வேலாயுதத்தின் கீழ் வேலை செய்வார்கள். அதனால் சனிக்கிழமை கடைசியாகப் போகிற கிறிஸ்தவன், மறுநாள் காலி செய்யவேண்டிய ஊறல் தொட்டியின் விளிம்பில் ஓர் ஆவாரங்குச்சியைச் செருகிவிட்டுப் போகவேண்டும் என்பது வழக்கம். குச்சி இல்லாத தொட்டியை ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடமாட்டார்கள். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை அது தானியேலின் முறை. திங்கட்கிழமை தொட்டியை மூடியிருந்த சாக்கைத் தூக்கியபோது தண்ணீர் கொதிப்பதுபோலக் குமிழியிட்டது, ஒரு நாள் கூடுதலாக ஊறியதில் நாற்பது தோலும் கூழாகியிருந்தன. குச்சி இருந்தது, வேலாயுதம் கவனிக்கவில்லை என்று பாஷா முடிவு செய்து, பதினோரு வருடம் வேலை பார்த்தவரை அன்றே அனுப்பிவிட்டார். தானியேல் வாயைத் திறக்கவில்லை. குச்சியைச் செருகினேனோ, ஆடு தின்றுவிட்டதோ என்று அவனுக்குச் சந்தேகம். ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை வகுப்பிலேயே, "குச்சி செருகவில்லை. கணக்கு வகுப்பு நடுவில் எழுந்துபோக வெட்கம்" என்று நோட்டில் எழுதியிருந்தான். உறுதியில்லாததை எழுதி வைப்பது தவறு என்று தனக்குத்தானே காரணம் சொல்லி, திங்கட்கிழமை அந்தத் தாளைக் கிழித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டான்.

வேலூரில் ஆசிரியப் பயிற்சிக்கான பரீட்சை ஆகஸ்டு பத்தாம் தேதி. அதற்குப் போக ஆறு மணி ரயிலை விட்டால் வேறு வழியில்லை. இந்த வருடம் எழுதாவிட்டால் அடுத்த வருடம்வரை ஷாப்பில் தோலின் சவ்வு சுரண்டவேண்டும். தானியேல் நாட்களை எண்ணிப் பார்த்தான். பத்தாம் தேதி தோல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். இரண்டு முறை எண்ணியும் விடை மாறவில்லை.

எட்டாம் தேதி பைபிளிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போனான். வேலாயுதம் அங்கே ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எழுத்துத் தெரியாதவர். தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீயே படி." தானியேல் படித்தான். "இன்னொரு தபா படி." படித்தான். "எத்தினி நாளா வச்சிருந்த?"

"எழுவது நாளுண்ணே."

"பாஷா எதிர்ல படி. எல்லாரும் இருக்கறப்போ படி."

மறுநாள் ஷாப்பில் எல்லோருக்கும் முன்னால் படித்தான். யாரோ காறித் துப்பினார்கள். பாஷா வேலாயுதத்துக்கு நாற்காலி போடச் சொல்லி, வேலையைத் திரும்பக் கொடுத்தார், தானியேலை இனிக் கழிவுக் குழியைச் சுத்தம் செய்யச் சொன்னார். இரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான். பத்தாம் தேதி ஐந்து மணிக்குத் தோல் வந்தது.

அன்னம்மாள் ஓடிப்போய், ஊருக்குத் திரும்பியிருந்த வேலாயுதத்தை அழைத்து வந்தாள். அவர் வந்து வால் பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். மூன்று பேர் இழுத்தும் அசையாத தோல் துணிபோல எழுந்தது. மறுபடி கீழே விட்டார். சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார்.

"அண்ணே, வண்டி வர்ற நேரம். பரீட்சைண்ணே," என்றாள் அன்னம்மாள்.

"தெரியும்மா. எனக்குந்தான் எழுவது நாளு போச்சு."

தானியேலின் கண்கள் மட்டும் கடிகாரத்துக்கும் அவருக்குமாகப் போய்வந்தன. ஒரு புழு மூக்கின்மேல் ஏறியது. வண்டி வந்து நின்ற சத்தமும் ஊதிக்கொண்டு கிளம்பிய சத்தமும் கேட்டன. பாலாற்றுப் பக்கம் அந்தச் சத்தம் அடங்கியபிறகு வேலாயுதம் எழுந்து, தோலை உருவிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வண்டி போயிட்டுது. ஏந்திரு, குழி காத்துக்கினு கெடக்குது," என்றார்.

அன்றுமுதல் தோலின் அழுகல் கூடவில்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஷாப்புக்குப் போகிற வழியில் வேலாயுதம் வந்து உருவிவிட்டுப் போனார். அடுத்த வருடப் பரீட்சையன்று, யாரும் கூப்பிடாமல் ஐந்து மணிக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். வேலூரில் நாற்றத்தால் தானியேலின் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை, ஆனால் தேறிவிட்டான். பயிற்சிக்கு ஆம்பூர் வீட்டிலிருந்தே ரயிலில் போய்வந்து, 1929இல் பக்கத்து ஊரான மாதனூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானான். பிள்ளைகள் காற்று வரும் பக்கமாக நகர்ந்து உட்காரப் பழகிக்கொண்டார்கள். அவனைக் கட்டிக்கொண்ட செல்லம்மாள் முதல் மாதம் அம்மா வீட்டில் போய்ப் படுத்தாள். பிறகு அறையின் மறுகோடியில் படுத்தாள். வேலாயுதத்துக்குக் காலையில் ஒரு சொம்பு கூழ் கரைத்து வைப்பது அவள் வேலையாயிற்று. 1935இல் வேலாயுதத்துக்கு முட்டி வலி வந்தது. நடை மெதுவானதால் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வரத் தொடங்கினார். தானியேல் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கிடந்து, வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்குக் காத்திருந்தான். தோல் போனதும் வாயில் ஒட்டியிருந்த மயிரைத் துப்பிவிட்டு, நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான்.