சுற்றிப் போய்விடும் என்று சொன்னவள்

தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே கணவன் கேட்பான், "இன்னிக்கு காத்து எப்படி?"

மரத்தை ஆட்டும் காற்று இல்லை அது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேறிய வாயு. பூமியின் காந்தப்புலம் ஆற்று நடுவில் பாறை மாதிரி குறுக்கே நிற்கும். காற்று மோதி, பிரிந்து, சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்தக் காற்றும் தன்னோடு ஒரு காந்தப்புலத்தைச் சுமந்து வருகிறதே, அதுதான் வம்பு. அது வடக்கு நோக்கியிருந்தால் தொல்லை குறைவு. தெற்கு நோக்கித் திரும்பினால் பூமியின் புலத்தோடு கைகோத்துக் கதவைத் திறந்துவிடும். அப்புறம் மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பாய்ந்து டிரான்ஸ்பார்மர்கள் கொதிக்கும்.

அதை முன்கூட்டிச் சொல்வது அவள் வேலை. துணைமின் நிலையத்தில் டிரான்ஸ்பார்மர்களைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. அலுவலக அறிவிப்பு வரும்வரை அவன் காத்திருப்பதே இல்லை. பெண்டாட்டி சொன்னால் போதும்.

அன்று பகலில் அவளுடைய கைபேசிக்கே கூப்பிட்டான்.

"பலமாத்தான் வருது. ஆனா வடக்கு பாத்து வருது, சுத்திப் போயிடும்" என்றாள்.

"அப்ப ஒரு டிரான்ஸ்பார்மரை நிறுத்திட்டு எண்ணெய் மாத்தலாமா? இன்னொண்ணு தனியா தாங்கணும்."

"தாராளமா."

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், தரையில் இருக்கும் காந்தமானிகள் பேய் பிடித்ததுபோல் ஆடுகின்றன. திரையோ வடக்கு என்கிறது. அப்போதுதான் உறைத்தது. சூரியப் பக்கம் காவல் நிற்கும் செயற்கைக்கோளை முந்தின நாள் தலைகீழாகத் திருப்பியிருந்தார்கள். திருப்பினால் கணக்கில் மேல் கீழை மாற்ற வேண்டும். நேற்றே அதை மாற்றத்தான் உட்கார்ந்தாள். "கேக் வெட்டறாங்க, வாம்மா" என்று மேலதிகாரி கூப்பிட, எழுந்து போனாள். பாழாய்ப்போன கேக்! அத்தோடு மறந்தே போனாள்.

வடக்கு என்று சொன்னதெல்லாம் தெற்கு.

கணவனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. நிலையத்துக்குக் கூப்பிட்டாள். அங்கே போர்மேன் எடுத்தார், கூடப்பிறக்காத அண்ணன்.

"என்ன தங்கச்சி, இது இப்படி உறுமுது?"

"அண்ணே, நான் சொன்னது தப்பு! எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!"

"இவன் அது பக்கத்துலதான் நிக்கறான். இரு, இழுத்துட்டு வரேன்."

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார். அவள் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு வெடித்தது.

கணவன் கீறலில்லாமல் வந்தான். அவனைத் தள்ளிவிட்ட அண்ணனின் முதுகிலும் கையிலும் கொதித்த எண்ணெய். பிழைத்துக்கொள்வார் என்றார்கள் டாக்டர்கள், வலது கை பற்றி வாயைத் திறக்கவில்லை.

கணவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மறுநாள் காலை செருப்பை மாட்டினான், எதுவும் கேட்கவில்லை. அவளாகவே "இன்னிக்கு பயமில்ல" என்றாள். "ம்" என்றுவிட்டுப் போனான்.

பகலில் அலுவலகப் பொதுத் தொலைபேசி அடித்தது. எடுத்தாள்.

"துணைமின் நிலையத்துலேருந்து பேசறேன்."

அவன் குரல். அவள் "சொல்லுங்க" என்றதும் யார் எடுத்தது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கு நிலவரம் எப்படிங்க?" கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"வடக்கு. சுத்திப் போயிடும்."

"இதை வேற யாராவது பாத்தாங்களா?"

அவள் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள்.