கயிற்றை அவிழ்த்த நாள்

அந்தக் கொட்டகையில் வேலை செய்த ஒருவரையும் அவனுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒருவரையும் அவன் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. காலையில் வந்ததும் எதிர்ப்படுகிற ஆளையெல்லாம் ஏற இறங்கப் பார்ப்பான். தீர்ப்பை மனதுக்குள் எழுதி முடித்த பிறகுதான் கணினியைத் திறப்பான். அதனால் முதுகுக்குப் பின்னால் அவனுக்கு ஜட்ஜ் என்று பேர். அந்தப் பேர் ஒருநாள் அவன் காதிலும் விழுந்தது. அறிவுக்குக் கிடைத்த பட்டம் என்று எடுத்துக்கொண்டான். யாரும் போய்த் திருத்தவில்லை.

கொட்டகை முன்பு தண்ணீர்த் தொட்டி வார்க்கிற இடமாக இருந்தது. முதலாளி ஜட்ஜின் அக்கா வீட்டுக்காரர். பிளாஸ்டிக் தொட்டி விற்று நன்றாக இருந்த மனிதருக்கு, தலை நரைக்கிற வயதில் வானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. அச்சுகளை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு ராக்கெட் செய்யக் கிளம்பினார். முதல் ராக்கெட் ஒரு விளக்குக் கம்பம் உயரம். விண்வெளியின் விளிம்பு வரை ஏறி, அங்கே கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத் திரும்பி விழவேண்டியது. அது பாதி வழியிலேயே மூச்சடங்கி, ஒரு குட்டையில் தலைகீழாகக் குத்திட்டு நின்றது. "விளிம்பைத் தொட்டுட்டோம்" என்று அத்தான் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். குட்டையின் விளிம்பைத்தானே என்று ஜட்ஜ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ராக்கெட் காலை வாரிவிட்டதும் அத்தான் நிலாவுக்குத் தாவினார். நிலாவில் இறங்கப்போகிற கலங்களின் படங்கள் சுவர் கொள்ளாமல் தொங்கின. ஒன்றுக்கு ஆறு கால். நாலு போதுமே என்று ஜட்ஜ் சொன்னதற்கு, ஆறு இருந்தால்தான் பார்வைக்குக் கம்பீரம் என்றார் அத்தான். இன்னொன்றின் வயிற்றில் கம்பெனியின் பேர், நிலாவிலிருந்து பூமிக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக. தொட்டி விற்ற வாய் வேறு எப்படிப் பேசும் என்று ஜட்ஜ் நினைத்தான். அக்காவை இந்த ஆளுக்குக் கட்டிக்கொடுத்த அப்பாவையும் அதே மூச்சில் திட்டினான்.

படத்தில் இல்லாமல் கையால் தொடக்கூடியதாக ஒன்றே ஒன்று கொட்டகையில் இருந்தது. நாலு கால், நடுவில் இரண்டு உருண்டைத் தொட்டிகள், அடியில் ஒரு எஞ்சின். பார்த்த பார்வைக்கு மெத்தை இல்லாத கட்டில் மாதிரி இருந்ததால் கட்டில் என்றே கூப்பிட்டார்கள். அது தரையிலிருந்து எழும்பி, அந்தரத்தில் அசையாமல் நின்று, பக்கத்தில் நகர்ந்து, இன்னொரு மேடையில் அதிராமல் இறங்கவேண்டும். நிலாவில் இறங்குவதற்கு இங்கே எடுக்கிற ஒத்திகை அதுதான். எஞ்சினை எப்போது ஏற்றுவது, எப்போது தணிப்பது என்று கட்டிலுக்குச் சொல்கிற மூளை ஜட்ஜ் எழுதியது. அதில் அடுத்தவன் கை ஓர் எழுத்துகூடப் படவிட்டதில்லை.

நிஜமாகவே நிலாவுக்குக் கலம் அனுப்பப்போகிற பெரிய கம்பெனி ஒன்றுக்கு அந்த மூளையைப் பற்றித் தகவல் போயிருந்தது. ஆள் அனுப்புகிறோம், கயிறு இல்லாமல் பறக்கவிட்டுக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பறந்துவிட்டால் மூளையும் அவர்களுக்கு, அதை எழுதியவனும் அவர்களுக்கு. ஜட்ஜுக்கு அது போதும். பிளாஸ்டிக் நாற்றம் போகாத இந்த இடத்தைத் தலைமுழுகிவிட்டு, தன் தரத்துக்கு ஏற்ற மனிதர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிடலாம். அப்படிப்பட்ட மனிதர்கள் எங்கேயாவது இருக்கத்தான் வேண்டும் என்று அவன் மனதார நம்பினான்.

அதுவரை நடந்த சோதனையெல்லாம் கயிற்றோடுதான். கிரேனிலிருந்து தடித்த கயிறு ஒன்று இறங்கி, கட்டிலின் தலையில் மாட்டியிருக்கும். எஞ்சின் பாதியில் நின்றுபோனால் கட்டில் விழாமல் தாங்குவது அதன் வேலை. மற்ற நேரமெல்லாம் கயிறு தொய்வாகவே இருக்கவேண்டும். கட்டில் ஏற ஏற, சிக்கிக்கொள்ளாமல் இருக்க, கிரேன்காரர் கயிற்றை மேலே சுருட்டிக்கொள்ளவேண்டும். முதல் சோதனையில் கட்டில் வெறிபிடித்த மாதிரி ஆடி, தரையில் இடித்து, ஒரு காலை முறித்துக்கொண்டது. ஜட்ஜ், தான் தங்கியிருந்த அக்கா வீட்டு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பிடவும் வராமல் சுருண்டு கிடந்தான். காலைச் சரிசெய்து நடத்திய அடுத்த சோதனையில் எல்லாம் தலைகீழாக மாறிப்போனது. கட்டில் எழும்பியது, நின்ற இடத்தில் நின்றது, சொன்ன இடத்தில் இறங்கியது. கணக்கில் தான் செய்த ஒரு சின்னத் திருத்தம்தான் காரணம் என்று ஜட்ஜ் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினான். கேட்காதவர்களையும் விடவில்லை.

எஞ்சின் தள்ளுகிற விசையை மானி வைத்து அளக்க ஒரு பெண் இருந்தாள். படிப்பில் ஜட்ஜுக்குக் குறைந்தவள் இல்லை, வாயிலும் குறைந்தவள் இல்லை. அவள் ஒருநாள் வந்து, ஏதோ இடிக்கிறது என்றாள். கட்டில் அந்தரத்தில் நிற்கும்போது எஞ்சினின் விசையை மானி கட்டிலின் எடையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. மீதி எடையை யார் தூக்குகிறார்கள் என்று தெரியவேண்டும், கயிற்றுக் கொக்கியில் ஓர் எடைமானி மாட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

ஜட்ஜ் நாற்காலியைத் திருப்பினான். உதட்டின் ஒரு ஓரம் கீழே இறங்கியது, ஒரு புருவம் மேலே ஏறியது. அந்த முகத்தைக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும்.

"கட்டில் நிக்குது. நின்னா விசையும் எடையும் சமம். இது பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க. உன் மானி குறைவா காட்டுனா மானிதான் தப்பு. தொங்கற கயித்துக்கு எடை போட வந்துட்டா, தராசு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் பேர் தராசு. அவள் மானியைக் கழற்றி, தெரிந்த எடைகளை ஏற்றிச் சரிபார்த்து, மானியில் தப்பு இல்லை என்று மறுபடி வந்து சொன்னாள். ஜட்ஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மானி சொல்வதோடு கொஞ்சம் கூட்டி எடுத்துக்கொள் என்று மூளையில் ஒரு வரி சேர்த்தான். அந்த ஒரு வரியால் எஞ்சின் உட்கார்ந்த இடத்திலேயே பலசாலி ஆகிவிட்டது. இவ்வளவு பலசாலியை முழுசாக முடுக்கிச் சூடேற்றுவானேன் என்று அதற்கு ஓர் உச்சவரம்பும் வைத்தான். பறக்கிற அன்றைக்குத் தொட்டிகளை முட்ட முட்ட நிரப்பவும் சொன்னான். எஞ்சின் தப்பாக இருக்கலாம், மானி தப்பாக இருக்கலாம், மனிதர்கள் தப்பாகவே பிறந்தவர்கள். தான் எழுதியது தப்பாக இருக்குமோ என்கிற ஒரு சோதனையை மட்டும் அவன் நடத்திப் பார்க்கவில்லை.

கொட்டகையில் அவன் மதித்த ஒரே ஆள் அக்கா. பாதுகாப்பு அவள் பொறுப்பு. ஆபத்தென்றால் எஞ்சினை அணைக்கிற சிவப்புப் பொத்தான் அவள் கைக்கடியில் இருக்கும். அவள் தலையசைத்தால்தான் எதுவும் கிளம்பும். பறக்கவிடுகிற நாள் காலையில் அவள் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து அவன் மேசை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, கயிறு இல்லாம நிக்குமா?"

"ஏன், இத்தனை நாளா கயிறா தூக்குச்சு?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த உதடு இறங்கிவிட்டது, புருவம் ஏறிவிட்டது. "நீயும் அத்தான் மாதிரி பேசாதக்கா" என்றான். அவள் குடிக்காத தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பெரிய கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி, முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள். அதிகம் பேசவில்லை, வந்ததும் குனிந்து எஞ்சினின் அடியைப் பார்த்தார். ஜட்ஜுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அத்தானோ சட்டைக்குள் காற்றடைத்த மாதிரி நின்று, மனித குலம், எதிர்காலம் என்று அளந்துகொண்டிருந்தார். இன்றோடு இந்தக் குரலைக் கேட்கிற தலையெழுத்து முடிந்தது என்று ஜட்ஜ் நினைத்தான். கிரேன்காரர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். எல்லாரும் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் போனார்கள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் தலையசைத்தாள்.

எஞ்சின் பிடித்தது. கண்ணாடி அதிர்ந்தது, புழுதி கிளம்பியது, உறைபனி படிந்த தொட்டிகளிலிருந்து வெள்ளைச் சில்லுகள் உதிர்ந்தன. கட்டில் நடுங்கியது. ஏறவில்லை. ஜட்ஜின் திரையில் விசையின் கோடு உச்சவரம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்களில் ஒருவர் கட்டில் ஏற்கெனவே போய்விட்டதோ என்று வானத்தைப் பார்த்தார். அணைத்துவிடவா என்று அக்கா கேட்டாள். வேண்டாம், இரு என்றான். கட்டில் இருந்த இடத்தில் இருந்துகொண்டே கத்தியது. பிரசங்கம் செய்கிற அத்தானைப் போலவே கத்தியது. எரிபொருள் குறையக் குறைய எடையும் குறைந்து, கடைசியில் ஒரு முழங்கால் உயரத்துக்கு மெல்ல எழும்பியது. அங்கே அசையாமல் நின்றது. அதற்குள் எரிபொருள் தீரப்போகிறது என்று மூளைக்குத் தெரிந்துவிட்டது. கிளம்பிய அதே இடத்தில், அதிராமல், ஒரு குறை சொல்ல முடியாமல் இறங்கியது.

அத்தான் மட்டும் கைதட்டினார்.

"நிலாவுல எடை ஆறுல ஒரு பங்குதான்" என்றார். "அங்க இருந்திருந்தா இந்நேரம் எங்கயோ போயிருக்கும்."

தலைவி அவரைக் கண்டுகொள்ளவில்லை. இறங்கியது நன்றாக இருந்தது, ஏறுவதற்குக் கணக்குப் போட்டது யார் என்று கேட்டார். ஜட்ஜின் கை தானாக நீண்டு தராசைக் காட்டியது.

"விசை அளக்கற மானி சரியில்ல. அது இவங்க பொறுப்பு."

தராசு தன் திரையை அந்த அம்மாள் பக்கம் திருப்பி வைத்தாள். மானி சொன்னது ஒரு பக்கம், ஜட்ஜின் வரி அதைக் கூட்டிக்காட்டியது இன்னொரு பக்கம் இருந்தன. கட்டிலை எழவிடாமல் இன்று தரை சொன்ன தீர்ப்பு மானியோடு ஒத்துப்போனது. தலைவி அதைப் பார்த்தார், பிறகு வெளியே கிரேனைப் பார்த்தார். கயிறு தொய்வாக இருந்ததா என்று யாராவது அளந்தீர்களா என்று கேட்டார். பதில் வராததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தான் ஆறு கால் படத்தைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடினார்.

ஜட்ஜ் நேரே கிரேனுக்குப் போனான். கயிற்றை இறுக்கிப் பிடித்தீர்களா என்று கத்தினான். கிரேன்காரர் ஒளிக்கவில்லை.

"லேசாத்தான். குழந்தை நடக்கறப்ப கையப் புடிச்சுக்குவோமே, அந்த மாதிரி. உங்க அக்காதான் சொன்னாங்க."

கண்ணாடி அறையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். சிவப்புப் பொத்தானின் மேல் இன்னும் கை இருந்தது. அவன் கேட்கும் முன்பே அவள் பேசினாள்.

"நான்தான் சொன்னேன். கால் ஒடைஞ்சப்ப நீ கிடந்த கிடப்பைப் பார்க்க முடியல. ஒரே ஒரு தடவை பிடிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி நீ சிரிச்சுக்கிட்டே சாப்பிட்ட. அப்புறம் எப்படி உன்கிட்ட சொல்றதுன்னு தெரியாம அப்படியே தொடர விட்டுட்டேன். தப்புதான்."

"என் வாழ்க்கை இது, அக்கா. நீ சொல்லியிருக்கணும்."

"எத்தனை தடவை வந்தேன் தெரியுமா? இன்னைக்குக் காலையிலகூட வந்தேன். அந்தப் பொண்ணு எடுத்துச் சொன்னப்பவாவது நீ கொக்கியில மானிய மாட்டிப் பார்ப்ப, தானா தெரிஞ்சுடும்னு நினைச்சேன். எண்ணெல்லாம் உன் முன்னாலதானே இருந்துச்சு."

"அவ பேச்சையெல்லாம் நான் கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தான். உதட்டின் ஓரம் கீழே இறங்கியது. புருவம் மேலே ஏறியது.

அக்கா விரலை நீட்டினாள்.

"இதோ. இந்த மூஞ்சிதான். இதைப் பார்த்துட்டு எவன்டா உன்கிட்ட வந்து சொல்லுவான்?"

வெளியே தராசு ஓர் ஏணியில் ஏறி, கிரேன் கொக்கியில் எடைமானியை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஜட்ஜ் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தான். கண்ணாடியில் தன்னையும் பார்த்தான். அந்த முகத்தை மாற்றிக்கொள்ள முயன்றான். உதட்டை நேராக்கினால் புருவம் ஏறியது, புருவத்தை இறக்கினால் உதடு சரிந்தது. போட்டுக்கொள்ள வேறு முகம் அவனிடம் இருக்கவில்லை.