நான்காவது விதி

வெளிநாட்டில் அவள் படித்த பல்கலைக்கழகத்தில், பட்டமளிப்பு அங்கிகளை வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டரில் அவளுக்குப் பகுதிநேர வேலை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் விதிமுறைத் தாள் ஒன்று இருந்தது. அங்கிக்கு மேல் வேறு துணி அணியக் கூடாது என்பது நான்காவது விதி. தங்கள் நாட்டுத் துணியோடு வந்த வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வாரமாக அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினாள். அறைத்தோழி பூவேலை செய்த தோள்துணியோடு வந்தபோதும் காட்டினாள். தோழி அதை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

விழாவுக்கு முந்தைய நாள் அம்மா வந்து இறங்கினாள். ஊரில் ரவிக்கை தைப்பவள். பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது அரக்குச் சிவப்பில் ஒரு சாண் அகலப் பட்டு. அம்மாவின் கல்யாணப் புடவையின் கரை, அங்கிக்கு மேல் போடும் தோள்துணியாகத் தைத்தது. உள்ளே பருத்தி லைனிங், கழுத்துக்கு அளவான வளைவு.

"புடவையை வெட்டிட்டியாம்மா?"

"மடிப்பு மடிப்பா இத்துப்போச்சு. கரைதான் கல்லு மாதிரி இருந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க ஊர்த் துணியைப் போட்டுக்குவாங்கன்னு போன்ல நீதானே சொன்ன."

"அது கவுண்டர்ல வேலைக்குச் சேர்றதுக்கு முன்ன சொன்னதும்மா. இங்க ரூல் வேற. அத்தனை பேரைத் திருப்பி அனுப்பிட்டு நானே போட்டுட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"சரிங்க ஆபீசரம்மா." அம்மா அதைக் கைப்பைக்குள் வைத்தாள். "படிக்க அனுப்பினா போலீஸாகி நிக்குது."

மறுநாள் மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றபோது முன்னால் இருந்த தோள்களைப் பார்த்தாள். கட்டம் போட்டது, பாசி கோத்தது, கொடியின் நிறத்தில் ஒன்று. அறைத்தோழியின் தோளில் அந்தப் பூவேலை. வரிசையைச் சரிசெய்த ஊழியரிடம் கேட்டாள். அந்த விதியை இந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள், புதுத் தாள் கவுண்டருக்கு வந்திருக்குமே என்றார் அவர். வந்திருந்தது. படிக்காமல் பழைய தாளுக்கு அடியில் செருகியது அவள்தான்.

அம்மா மாடியில், இருபதாவது வரிசையில் இருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். வெறும் கறுப்பு அங்கியோடு மேடையைக் கடந்தாள்.

வெளியே புல்வெளியில் அம்மாவிடம் ஓடினாள். "அதைக் குடும்மா. போடலாமாம். நான்தான் தப்பா பாத்துட்டேன்."

அம்மா உடனே பையைத் திறக்கவில்லை. "உன் பேரு வர ரெண்டு மணி நேரமாச்சுடி. கை சும்மா இருக்குமா? ஊக்கை வெச்சுத் தையல் எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். வேற புடவைக்காவது ஆகுமேன்னு."

பையில் லைனிங் ஒரு சுருள், கரை ஒரு சுருள்.

கரையை மட்டும் எடுத்துத் தோளில் போட்டு, நெஞ்சோடு கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். அம்மா போனை உயர்த்தினாள். அப்போது வெறும் அங்கியோடு ஒரு மாணவன் தன் பெற்றோருடன் அந்தப் பக்கம் போனான். திங்கட்கிழமை அவள் திருப்பி அனுப்பியவன். அடையாளம் கண்டு, சிரித்து, கையசைத்தான்.

பதிலுக்குக் கையைத் தூக்கினாள். கரை நழுவிப் புல்லில் விழுந்தது.

"வெறும் பட்டு வழுக்கும்டி," என்று அம்மா குனிந்து எடுத்தாள். "அதுக்குத்தான் லைனிங் வெச்சிருந்தேன்."