தறிக்காதுக்கு ஏற்ற துளை

ஊசிப்பாளையத்தில் ஒருவர் இறந்துபோனால், அவர் கிளம்பிப் போவதற்கு வீட்டு ஆள் ஒரு ரைபிளைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிச் சுட வேண்டும். சத்தம் காதில் விழுந்தால் இறந்தவர் எழுந்து போய்விடுவார். விழாவிட்டால் வீட்டிலேயே இருப்பார்.

இதில் தலைவலியெல்லாம் குழலின் துளையைத் தேர்ந்தெடுப்பதில்தான். துளை சிறுத்துவிட்டால் சத்தம் மெலிந்து அவருக்கு எட்டாது. பெருத்துவிட்டால் சத்தம் அவரை வெகுதூரம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டாலும் எட்டிப் பார்க்க மாட்டார். ஆகவே காதை அளந்து துளை எடுப்பது வழக்கம். சுடும்போது உயிரோடு இருப்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். வைக்க மறந்தவர்களும் எழுந்து போய்விடுவதுண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

பாவாத்தாளின் புருஷன் சென்னியப்பன் இறந்து கொஞ்ச நாளாகியும் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். இருவரும் பட்டறைக்கு ஷிப்டுக்குப் போய் விசைத்தறி ஓட்டியவர்கள்; வீட்டிலும் ஒரு தறி போட்டிருந்தார்கள். தறிச் சத்தத்தில் அவருடைய காது எப்போதோ போய்விட்டது; அவளுடையது பாதி போயிருந்தது. தறி ஓடும் இடத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். குவித்த விரல்களை வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். காதுமடலைத் தொட்டால் ஏதோ சத்தம், திரும்பிப் பார். உள்ளங்கைகளைத் தேய்த்துத் தட்டினால் ஷிப்ட் முடிந்தது, கிளம்பு. விரலைச் சுழற்றினால் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது, நீ முன்னால் போ.

தறியை விட்டு வெளியே வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் எது பேசினாலும் சென்னியப்பன் முதலில் பெண்டாட்டியின் கையைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, எல்லாம் கேட்டவர் மாதிரி பதில் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவருக்குக் காது கேட்காது என்பதே ஊரில் பலருக்குத் தெரியாது.

அவரை அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. இப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் போகாமல் தங்குகிற இறந்தவர்கள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வருவார்கள். கடைசியில் வீட்டு ஆளின் பெயரை மறப்பார்கள். அதை மறந்தவருக்கு அப்புறம் எந்தச் சத்தமும் உதவாது. சந்தைப்பேட்டை மின்கம்பத்தடியில் போய் நின்றுகொள்வார். அங்கே அப்படிச் சிலர் நிற்கிறார்கள். மழை பெய்தால் அந்த வழியாகப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் குடை பிடித்துவிட்டுப் போவார்கள்.

"பாவாத்தா, சோத்துல வெள்ளையாப் போடுவமே, அது பேரென்ன?" என்று சென்னியப்பன் ஒருநாள் கேட்டார்.

அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு குழந்தைவேலுவின் லேத் பட்டறைக்குப் போனாள்.

குழந்தைவேலு அந்த வட்டாரத்துக்கே குழல் கடைந்து கொடுப்பவன். கைக்குழந்தைகளுக்கு ஊசி நுழைகிற துளை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பென்சில் நுழைகிற துளை என்று சுவரோரம் குழல்களைச் சாத்தி வைத்திருந்தான். கட்டைவிரல் நுழைகிற துளை கடன்காரர்களுக்கு.

"வாங்க மாமா, உக்காருங்க. அக்கா, நீங்க எதுக்கால உக்காந்துக்குங்க. பின்னால நான் போல்ட்டு போடுவனுங்க. சத்தம் கேட்டா மாமா கையத் தூக்கட்டும்."

அவன் சென்னியப்பனின் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன போல்ட்டைத் தகரத் தட்டில் போட்டான். சென்னியப்பன் கையைத் தூக்கினார். அதைவிடச் சின்னதைப் போட்டான். தூக்கினார். கடைசியாக ஒரு வாஷரைப் போட்டான். அதற்கும் தூக்கினார்.

"மாமனுக்குப் பாம்புச் செவிங்க்கா. பென்சில் துளையே தாராளம்."

தன் விரல் காதுமடலில் இருப்பதைப் பாவாத்தாள் அப்போதுதான் பார்த்தாள். தட்டில் ஏதோ விழுவதைக் கண்டதும் கை அதுபாட்டுக்குப் போயிருக்கிறது. அவரும் வழக்கம்போல அந்தக் கையைப் பார்த்திருக்கிறார். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. துளை சிறுத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பாரே என்ற ஆசை அதை விழுங்கிவிட்டது.

"சரிங்க தம்பி, அதையே போடுங்க" என்றாள்.

மற்ற பாகங்கள் இறந்தவருடைய சாமான்களிலிருந்துதான் வர வேண்டும். தோளில் வைக்கிற கட்டைக்கு அவர் சாய்ந்து சாய்ந்து மழுங்கிப்போன தறிமரம். சுருளுக்கு அவருடைய சைக்கிள் சீட்டிலிருந்த ஸ்பிரிங். விசைக்கு, அவர் சோறு கொண்டுபோன தூக்குப்போசியின் கைப்பிடி. தோளில் மாட்டும் வாருக்கு அவர் கைலியின் கரை. கைப்பிடியைக் கழற்றும்போது மட்டும் சென்னியப்பனுக்கு முகம் வாடியது.

"ஒத்தத் தோட்டா போடறதாங்க்கா, இல்ல தானா ஏத்திக்கறதா?" என்று குழந்தைவேலு கேட்டான்.

"தானா ஏத்திக்கறதுன்னா?"

"விசைய ஒருக்கா அழுத்துனா ஒண்ணுதான் வெடிக்குமுங்க. ஆனா அடுத்தது அதுவாவே வந்து உக்காந்துக்கும். முடிஞ்சுதுன்னு நாம நெனைக்கறப்ப இன்னொண்ணு தயாரா இருக்கும்."

அவர் போனபின் தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கப்போகிறதோ அதைத்தான் இவன் சொல்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

"அதே இருக்கட்டும் தம்பி. ஒவ்வொண்ணா ஏத்த எனக்குக் கை வராது."

சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நின்று சுட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். அவளும் வைத்துக்கொண்டாள். முதல் தோட்டா வானத்துக்குப் போனது. சென்னியப்பன் வாசற்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பச் சுடப்போற?" என்றார்.

சத்தம் தறிக்குக் கேட்டிருந்தது. அவர் இறந்த நாளிலிருந்து ஓடாமல் கிடந்த வீட்டுத் தறி மெல்ல எழுந்து, நிலை இடிக்காமல் குனிந்து, பாவு நூலை வாரிச் சுருட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனது. பாவாத்தாள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

அடுத்த தோட்டா அதுவாகவே வந்து உட்கார்ந்திருந்தது. சுட்டாள். இந்தமுறை கிணறு கிளம்பியது. தண்ணீர் சிந்தாமல் வேலியைத் தாண்டி, தறி போன பக்கமே போனது. அது இருந்த இடத்தில் சமதரையாக மண் கிடந்தது.

தறி போனதிலும் கிணறு போனதிலும் அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எல்லாம் போகட்டும், இவர் இருக்கிறாரே.

சென்னியப்பன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தார்.

"உன்னக் கூப்பிடோணும்னு வந்தேன். பாவா... அப்பறம் என்னமோ வருமே. என்ன அது?"

பெயரில் பாதி போய்விட்டது. மின்கம்பத்தடியில் இவர் நனைந்துகொண்டு நிற்பார். யாரோ போகிற போக்கில் குடை பிடிப்பார்கள். என் ஆசைக்கு இந்த மனுஷனைப் பலி கொடுக்கப் பார்த்தேனே என்று மனசுக்குள் கதறினாள்.

மூன்றாவது தோட்டா தயாராக இருந்தது. விசையில் விரல் வைத்தவள், நிறுத்தி, தன் காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கீழே போட்டாள். கேட்டால் கேட்கட்டும், சேர்ந்தே போய்விடலாம் என்றிருந்தது. சுட்டாள். கட்டை தோளில் இடித்தது. குழலிலிருந்து புகை வந்தது. அந்தப் பென்சில் துளையின் சத்தம் அவளுடைய தறிக்காதுக்கும் எட்டவில்லை.

சென்னியப்பன் அவள் கையைப் பார்த்தபடி நின்றார்.

அவள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். காதுமடலைத் தொட்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துத் தட்டினாள்.

அவர் முகம் மலர்ந்தது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு! யப்பா, என்னா சத்தம்!"

உள்ளே போய், கைப்பிடி இல்லாத தூக்குப்போசியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஷிப்ட் முடிந்தால் இருவரும் சேர்ந்தே வீடு திரும்புவதுதான் வழக்கம். தெருவில் நாலு எட்டு வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ வல்லியா, பாவாத்தா?"

முழுப்பெயரும் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. அவள் அழுதுகொண்டே ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். குளத்து மேட்டில் ஏறும்வரை தெரிந்தார், அப்புறம் தெரியவில்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பக்கத்து வீடுகளில் யாரும் இன்னும் பஞ்சை எடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் துப்பாக்கியைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினாள். உள்ளே அடுத்த தோட்டா தானே வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தனக்கு நேரம் வரும்போது யார் காதுமடலைத் தொட்டுக் காட்டுவார்கள் என்ற நினைப்பிலேயே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறியபோது, தொங்கிக்கொண்டிருந்த கைலிக்கரை வார் மெல்ல அசைந்தது. அதன் நுனி சோறு அள்ளும் விரல்கள் மாதிரி குவிந்து, குழலின் வாய்க்கு இரண்டுமுறை போய்ப் போய் வந்தது.

பாவாத்தாள் இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினாள். எழுந்துபோய் உலை வைத்து, மறக்காமல் உப்பையும் போட்டாள்.