சுண்ணாம்புக்கு அடியில் இருந்த பெயர்

"இந்தப் பள்ளிவாசலைக் கட்டினது யாரும்மா?"

திலெம்சான் நகரத்திலிருந்து வந்த தொல்லியல் அதிகாரி ஸெரூக்கி போன மாதம் இப்படிக் கேட்டபோது யாம்னா அவருக்குத் தேநீர் எடுக்கப் போய்விட்டாள். பதில் தெரியாமல் இல்லை. ஊரில் அதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. தோற்றோடி வந்த சுல்தான் கட்டினான் என்பார்கள் மேட்டுத்தெருக்காரர்கள். உப்பு வணிகனின் விதவை கட்டினாள் என்பார்கள் பள்ளத்தெருக்காரர்கள். இந்தச் சண்டையில் ஒருமுறை மண்டைகள் உடைந்த பிறகு, அந்தக் காலத்துப் பெரியவர்கள், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு மேலே இருந்த கல்வெட்டைச் சுண்ணாம்பு பூசி மூடிவிட்டார்கள். யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு ரமலானுக்கு முன்பும் இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து அதன்மேல் இன்னொரு பூச்சு பூசிவந்தார்கள்.

இப்போது புதிய சாலை வருகிறது. பழமைக்கு எழுத்துச் சான்று கிடைத்தால் சாலை வளைந்து போகும். கிடைக்காவிட்டால், பள்ளிவாசலும் அதன் பின்சுவரை ஒட்டி நிற்கும் மேட்டுத்தெரு யாம்னாவின் வீடும் நாளை மறுநாள் இடிபடும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால்தான் இன்று ஸெரூக்கியின் முன்னிலையில் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்ட அவளே ஏணியில் ஏறியிருந்தாள்.

"மெதுவா சுரண்டுடி, உங்க சுல்தானுக்குத் தூக்கம் கலைஞ்சிடப் போகுது" என்றாள், ஏணியைப் பிடித்திருந்த பள்ளத்தெரு மஹ்தியா.

"உள்ளே உங்க விதவையே இருக்கட்டும்டி. என் கூரை நின்னா, அவ காலைக் கழுவித் தண்ணி குடிப்பேன்."

காய்ந்த சுண்ணாம்பை அப்படியே சுரண்டினால் சுவர் புண்ணாகிவிடும். நன்றாக நனைத்து, ஊறவிட்டு, ஆட்டின் தோள்பட்டை எலும்பால் வழிக்க வேண்டும். அது யாம்னாவின் கைக்குப் பழகிய வேலை. இரண்டு வாளி ஊற்றிய பிறகு, ரொட்டி கனத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே எழுத்து!

ஸெரூக்கி முக்காலியில் ஏறி எட்டிப் பார்த்தார். "'இதைக் கட்டியவர்'னு இருக்கு. அடுத்தது பேரா இருக்கும், அதுக்கப்புறம் வருஷம். முழுசா தெரியட்டும்மா, படம் எடுத்துக்கறேன்."

யாம்னா மூன்றாவது வாளியையும் ஊற்றினாள். கல்லைத் தண்ணீர் என்ன செய்துவிடும்?

அது கல் இல்லை. கல்வெட்டு, கல்வெட்டு என்று ஊரே சொல்லிவந்தது வெறும் மண் சாந்தில் கொத்திய எழுத்து. ஈரம் ஏறியதும் எழுத்துகள் உப்பின, நெகிழ்ந்தன, தயிர் போல வழுக்கின.

"ஊத்தாதீங்க!" ஸெரூக்கி கேமராவைத் தூக்கினார்.

யாம்னா எலும்பை வீசிவிட்டு இரு உள்ளங்கைகளாலும் சுவரைத் தாங்கினாள். விரல் இடுக்குகளில் பெயர் பிதுங்கி வழிந்தது. கையை எடுத்தபோது சுவரில் அவளுடைய விரல் தடங்கள் மட்டுமே இருந்தன.

அவள் ஏணியிலிருந்து சரிந்து இறங்கினாள்.

"ஐயா, நீங்க படிச்சீங்களே! எழுத்து இருந்துச்சுன்னு எழுதுங்கய்யா. பேரு உங்க இஷ்டம். விதவைன்னு போடுங்க."

"சுல்தான்னே போடுங்கய்யா" என்று மஹ்தியா கத்தினாள். "பள்ளத்தெரு மொத்தமும் கைநாட்டு வைக்கும். நான் வைக்க வைக்கிறேன்!"

ஸெரூக்கி கேமராவைப் பார்த்தார். அதில் ஒரு படமும் இல்லை. நோட்டைத் திறந்து, பேனாவை வெகுநேரம் தாளின்மேல் பிடித்திருந்தார். பிறகு ஒன்றும் எழுதாமலே நோட்டை மூடினார். வாசலில் குனிந்து காலணியை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.